ஒரு நிமிடம் நாற்பது விநாடி

ஜூன் 3, சனி

காற்று ஆரம்பித்துவிட்டது. கடைப் பலகையை இன்னொரு கம்பி போட்டு இழுத்துக் கட்டினேன். போன வருடம் இதே காற்றில்தான் 'வெள்ளியங்கிரி மொபைல் சர்வீஸ்' என்பதில் பாதி பிய்ந்து உடுமலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது.

இன்று மூன்று டிஸ்பிளே, ஒரு சார்ஜிங் பின், கிணற்றில் விழுந்த போன் ஒன்று. ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் புது போன் வாங்கி வந்து, பழையதில் இருப்பதை எல்லாம் இதற்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னார். பேத்தியின் படங்கள், கோயில் படங்கள், காலை வணக்கப் பூக்கள். நடுவில் அந்த வீடியோவும் இருந்தது. இதோடு ஒன்பதாவது போன்.

நான் தேடிப் பார்க்கிறவன் இல்லை. மாற்றும்போது கண்ணில் படும், அவ்வளவுதான். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பச்சை பெயின்ட் அடித்த சுவர், ஒரு பெண், முதுகு மட்டும் தெரிகிற ஆள். ஒவ்வொரு போனிலும் அதன் சின்னப் படத்தில் அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனைத் திருப்பி வைத்தாலும் பார்ப்பது போல இருக்கிறது.

நடிப்புதான். இந்த மாதிரிப் படங்களில் முதலில் மாட்டேன் என்பார்கள், அழுவார்கள், அப்புறம் சரியாகிவிடும். ஆறேழு வருடமாகப் பார்க்கிறவனுக்குத் தெரியாதா.

வீட்டில் கலாமணிக்குத் தையல் மிஷின் எண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 8, வியாழன்

பத்தாவது போன். இதில் யாரோ பாட்டு சேர்த்திருக்கிறார்கள்.

ஜூன் 12, திங்கள்

காலையில் ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். மார்க்கெட் பக்கத்துத் தீவனக் கடையில் பில் போடுகிறவள். மாட்டுத் தவிடு வாங்கப் போனபோது பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. பெயர் மைனாவதி என்று ரசீதுக்காகச் சொன்னாள்.

"தெரியாத நம்பர்ல இருந்து கூப்பிட்டா அடிக்கவே கூடாதுங்ணா. அப்படிப் பண்ண முடியுங்களா?"

போனை வாங்கிப் பார்த்தேன். காலையில் இருந்து நாற்பத்திரண்டு மிஸ்டு கால். என் கையில் இருக்கும்போதே மூன்று முறை அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவள் தோள் ஒரு துளி உயர்ந்து இறங்கியது.

செட்டிங் மாற்றிக் கொடுத்தேன். கண்ணாடியில் கீறல் இருந்தது. டெம்பர் கிளாஸ் ஒட்டித் தரவா என்று கேட்டுக்கொண்டே பழையதை உரிக்கப் போனேன்.

"வேண்டாங்ணா," என்றாள். "வேண்டாங்ணா, விடுங்."

கையில் இருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். 'வேண்டாங்ணா'வில் கடைசி எழுத்தை இழுக்காமல் விழுங்கிவிடுகிற அந்த விதம்கூடத் தெரியும். குனிந்து ஸ்குரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். எழுந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

ஊரில் ஒரே மாதிரி குரல் எத்தனையோ பேருக்கு இருக்கும்.

ஜூன் 13, செவ்வாய்

சரிபார்க்கத்தான் போட்டுப் பார்த்தேன். கடைக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருக்கிறது. எப்படி வந்தது என்று இப்போது நினைவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

அவள்தான்.

மதியம் சாப்பிடவில்லை. சாம்பார் உப்பாக இருந்தது என்று கலாமணியிடம் சொன்னேன்.

ஜூன் 18, ஞாயிறு

கடை லீவு. கோழி எடுத்து வந்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு கலாமணியைக் கூப்பிட்டேன். தலைவலி, இன்றைக்கு வேண்டாம் என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு எழுந்து போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் ஆறு மணி வரைக்கும் எழவில்லை. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே காற்று, உள்ளே மிஷின். காபி கேட்கலாம் என்று போய்ப் பார்த்தேன். ஊசியில் நூல் இல்லை. ஊதா ஜாக்கெட் துணி ஊசிக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"யாரோட ஜாக்கெட்டு?" என்று கேட்டேன்.

"என்னோடதுதானுங்," என்றாள்.

ஜூன் 22, வியாழன்

இரண்டு பேட்டரி, ஒரு ஸ்பீக்கர்.

டீக்கடையில் ஒரு அம்மா "சக்கரை வேண்டாங்" என்றார். பஸ்ஸில் ஒருத்தி கண்டக்டரிடம் "மீதி வேண்டா, வெச்சுக்கங்" என்றாள். காய்கறிக்காரி "கத்திரிக்கா வேண்டாங்களா?" என்றாள். இத்தனை நாளும் இந்த ஊரில் இந்த வார்த்தையை யாரும் சொல்லாமலா இருந்தார்கள்? ஒவ்வொருவர் சொல்லும்போதும் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூன் 27, செவ்வாய்

துரைராஜ் வந்தான். அடுத்த தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். பத்து வருடமாகத் தினமும் என்னோடு டீ குடிக்கிறவன். இன்றைக்கு டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னான்.

"அந்தத் தீவனக் கடைப் பொண்ணு கம்ப்ளைன்ட் குடுத்திருக்கா மாப்ள. என் மேல."

மேஜையில் பிரித்து வைத்திருந்த போனின் திருகுகளை எண்ணினேன்.

"ஸ்கூட்டர் பழகறேன்னு வந்தா. லைசென்ஸ் பாரம் எழுத உள்ள கூப்பிட்டேன். நம்ம ஆபீஸ் பின்னாடி ரூமு தெரியுமில்ல. அவளுக்கும் இஷ்டந்தான். வேண்டா வேண்டான்னுதான் சொல்லுவாளுக. சும்மா சொல்றது அது. நீ பாக்காத வீடியோவா?"

"ம்."

"இப்ப ஊர்ல சுத்துற வீடியோல என் மூஞ்சி இல்ல. அது பிரச்சனையில்ல. போனும் அமராவதி அணையில விழுந்துருச்சு." விழுந்தது என்று சொல்லும்போது சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "ஏப்ரல்ல டிஸ்பிளே போச்சுன்னு கொண்டாந்தனே. அப்ப நீ எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுத்தான மாத்துன? அது?"

"அப்பவே அழிச்சாச்சு."

"நல்லது மாப்ள," என்று தோளைத் தட்டினான். போகும்போது ஷட்டரை அவனே தூக்கிவிட்டான். வெளிச்சம் மொத்தமாக முகத்தில் அடித்தது.

அழித்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5, புதன்

மகளிர் காவல் நிலையத்தில் இருந்து எஸ்.ஐ. ஒருவர் வந்தார். பெயர் ஜெயக்கொடி. ஊரில் உள்ள சர்வீஸ் கடைகளில் எல்லாம் விசாரிக்கிறார்களாம்.

"துரைராஜோட பழைய போன் உங்ககிட்ட வந்துச்சா?"

"வந்துதுங்க மேடம். டிஸ்பிளே மாத்திக் குடுத்தேன்."

"டேட்டா ஏதாச்சும் இருக்கா?"

"வேலை முடிஞ்சா அழிச்சிருவோம் மேடம்."

அவர் எழுதிக்கொண்டார். "இப்ப சுத்துறது ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. வெட்டுன வீடியோ. ஆள் மூஞ்சியும் இல்ல. அதைப் பாத்துட்டு எங்க ஸ்டேஷனுக்கு வர்றவங்களே சொல்றாங்க, அந்தப் பொண்ணு நடிக்குதுன்னு. முழுசும் கெடச்சா கேஸ் நிக்கும்."

கண்ணாடி ஷோகேஸைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்திருக்கிறேன். அவர் போன பிறகுதான் பார்த்தேன்.

ஜூலை 10, திங்கள்

மைனாவதி மறுபடியும் வந்தாள். மெலிந்திருந்தாள். கடைக்குள் வராமல் படியிலேயே நின்றாள். துப்பட்டாவைக் காற்று இழுத்துக்கொண்டே இருந்தது. அதைப் பிடிக்கக்கூட அவள் கை போகவில்லை.

"போலீஸ்ல இல்லேன்னு சொல்லீட்டீங்கன்னு தெரியுங்ணா. இருந்தாலும் நானே ஒருக்கா கேட்டுப் போலாம்னு வந்தேன்."

"இல்லீங்க. எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"பாத்தவிய எல்லாம் அந்த ஒண்ணே முக்கா நிமிசத்தோட நிறுத்திக்கறாங்க. அதுக்கு மேல இருக்குதுங்ணா. அதுல நான் பேசியிருக்கறேன். அவன் கதவைப் பூட்டிட்டு வெளிய போயிட்டான், சன்னலுக்கு வெளிய அவன் வெச்ச போனு அது பாட்டுக்கு ஓடீட்டு இருந்துது. அதை ஒரே ஒருத்தர் பாத்திருந்தாக்கூட வந்து சொல்லியிருப்பாங்க. யாரும் பாக்கல போல."

"இருக்கலாங்க," என்றேன்.

"எங்கூட வேலை செய்யற அக்காகூடக் கேக்கறாங்க, அப்புறம் ஏன் நீ கத்தலேன்னு. கத்துனேங்ணா. வீடியோவுல சத்தம் வெக்காமப் பாக்கறாங்களோ என்னமோ."

அவள் போய்விட்டாள். எதிரே பேன்சி கடைக்காரர், "பாவம், இல்ல?" என்றார். அவர் எனக்கு எட்டாவது போன்.

ஒன்று நாற்பதுக்கு அப்புறம், கதவைத் திற என்று அவள் ஆறு தடவை கேட்கிறாள். நாலாவது தடவைக்குப் பிறகு 'அண்ணா' என்று சொல்வதில்லை.

ஜூலை 11, செவ்வாய்

மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். பின்பக்கம் வேலை விவரம் இருப்பதால் விட்டுவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

காற்றில் தென்னை மட்டை விழுந்து பின்பக்கத்து ஓடு இரண்டு உடைந்தது. மாற்றிக்கொண்டிருந்தேன். கலாமணி கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. திடீரென்று கேட்டாள்.

"ஏனுங், ஜாக்கெட் தெக்க வர்றவிய எல்லாம் அந்த மைனாவதி வீடியோ பத்தியே பேசறாங்க. நீங்க பாத்தீங்களா?"

"ஊரே பாத்திருக்குது."

"ஊரை நான் கேக்கலீங்."

ஏணியில் நின்றுகொண்டு பொய் சொல்லக் கஷ்டமாக இருந்தது. பார்த்தேன் என்றேன்.

"எத்தன தடவ?"

"ரெண்டு, மூணு."

அவள் அடுத்த ஓட்டை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "அந்தப் புள்ள அழுகறது நெசமா நடிப்பான்னு தெரியலீங்களா உங்களுக்கு?"

"அந்த மாதிரி வீடியோல எல்லாம் அப்படித்தான் இருக்கும் கலா. பாத்துப் பாத்து... வித்தியாசம் தெரியறதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. முதலில் எல்லாம் அப்படிப்பட்ட படங்களை நான் பார்த்ததில்லை. அழுகிற முகம் வந்தால் மாற்றிவிடுவேன். எப்போது மாற்றுவதை நிறுத்தினேன், எப்போது அதையே தேட ஆரம்பித்தேன் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு நாளும் தட்டுப்படவில்லை. மற்றதெல்லாம் சப்பென்று ஆகியிருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

கலாமணி ஓட்டைக் கீழே வைத்தாள். மெதுவாக, உடையாமல் வைத்தாள்.

"அப்ப நான் அழுதது?"

காற்று அடித்துக்கொண்டிருந்தது. தெற்கே காற்றாலைகள் சுற்றுகிற சத்தம் அவ்வளவு தூரத்தில் இருந்தும் கேட்டது. ஏணியில் இருந்து இறங்குவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 17, திங்கள்

கடையைத் திறந்து, கம்ப்யூட்டரில் இருந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினேன். மஞ்சள் துணிப்பையில் போட்டுக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்கு நடந்தே போனேன். டிரைவிங் ஸ்கூலைத் தாண்டித்தான் போக வேண்டும். துரைராஜ் வாசலில் ஒரு அம்மாவுக்குக் கிளட்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க மாப்ள, காலங்காத்தால?" என்றான். "ஸ்டேஷனுக்கு," என்றேன். ரயில்வே ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டு கையசைத்தான்.

எஸ்.ஐ. ஜெயக்கொடி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்காரச் சொன்னார்.

"அன்னைக்கு இல்லேன்னீங்க?"

"பொய் சொன்னேங்க மேடம். அவன் போன்ல இருந்து காப்பி பண்ணினதுதான். தேதி, நேரம், எடுத்த இடம் எல்லாம் அதுலயே இருக்கும். முழு வீடியோ ஏழு நிமிஷம்."

"எப்ப பாத்தீங்க?"

"ஏப்ரல் பதினஞ்சு."

"எத்தன தடவ?"

"பதினோரு தடவ."

அவர் பேனாவை நிறுத்தவில்லை. "முழுசும் பாத்துமா அப்பவே வரல? ஏன்?"

"நெசம்னு தோணல மேடம்."

அதை அப்படியே, நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதினார். பிறகு படித்துக் காட்டினார். அடுத்தவர் குரலில் கேட்கும்போது அது வேறு ஒரு ஆள் சொன்னது மாதிரி இருந்தது. பயமாக இருந்தது.

வைத்திருந்ததற்காக என் மேலும் வழக்கு வரலாம் என்றார். சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

துரைராஜைப் பிடித்துவிட்டார்கள். மதியம், பழகும் காரிலேயே வைத்து.

ஜூலை 24, திங்கள்

வாரம் முழுக்க ஒரு வேலையும் வரவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் எல்லாம் திரும்ப வாங்கிப் போகிறார்கள். உடைந்த டிஸ்பிளேயோடு, பின்பக்கம் கழன்றபடியே.

தலைமையாசிரியர் வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, "என் போன்ல ஒண்ணும் இல்லையே தம்பி?" என்று கேட்டார். மாலையில் பேன்சி கடைக்காரர் வந்து அதையே கேட்டார். முந்தாநாள் வங்கியில் இருக்கிறவர் கேட்டார். ஒருவர்கூட அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

நானும் யாரிடமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

கலாமணி பல்லடத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஜாக்கெட் வாங்க வந்த பெண்களிடம் ஆடிக்குப் போயிருக்கிறாள் என்றேன். கல்யாணமாகிப் பதினாலு வருடமானவள் ஆடிக்குப் போவாளா என்று அவர்கள் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போகும்போது அவள் சொன்னது இது: "போலீஸுக்குப் போனீங்க, நல்லதுங். அது அந்தப் புள்ளைக்கு. எனக்கு நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல."

இரண்டு முறை போன் எடுத்தேன். அவள் எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

நான் கொடுத்த வீடியோ அதுதானா என்று அடையாளம் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தரை மணி, நல்ல வெயில். அறையில் எஸ்.ஐ., ஒரு பெண் ஏட்டு, நான். மேஜையில் லேப்டாப். வெளியே பெஞ்சில் மைனாவதியும் அவள் அம்மாவும்.

ஓட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏட்டம்மா கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். ஒன்று நாற்பது தாண்டியது. கதவு மூடுகிற சத்தம். திறக்கச் சொல்லி ஆறு தடவை. அதற்கு மேல் சத்தமே இல்லை. காற்று மட்டும்.

"இவ்வளவுதான் மேடம்," என்றேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே," என்றார் எஸ்.ஐ.

நான் அந்த இடத்தோடு எப்போதும் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது என்று. முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லேப்டாப்பில் இருந்து அவள் குரல் வந்தது. தெளிவாக, பில் படித்துச் சொல்கிற மாதிரி.

"என் பேரு மைனாவதிங். இன்னைக்கு ஏப்ரல் பதினொண்ணு. என்னைய உள்ள வெச்சுப் பூட்டியிருக்கறாங்க. இதை யாராச்சும் பாத்தீங்கன்னா எங்க கடைக்கு ஒரு போன் பண்ணுங். நம்பர் சொல்றேன்."

சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு, எழுதிக்கொள்ள நேரம் கொடுக்கிற மாதிரி கொஞ்சம் இடைவெளி விட்டு, முதலில் இருந்து மறுபடியும் சொன்னாள். ஏட்டம்மா எழுதிக்கொண்டார். எஸ்.ஐ. கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எடுத்தவனே இதைப் பாக்கல போல," என்றார். "பாத்திருந்தா அழிச்சிருப்பான்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மைனாவதி எழுந்து நின்றாள். நேராக என்னைப் பார்த்தாள். நான் அவளைக் கடந்துதான் படியிறங்க வேண்டும்.

"கடைசி வரைக்கும் ஓட்டுனாங்களா?"

"ஓட்டுனாங்க."

"நம்பர் நல்லாக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க."

அவள் தலையாட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்குத் தீவனம் எத்தனை மூட்டை வந்தது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"அது எங்க கடை மேசை மேல இருக்கற போனுங். மூணு மாசம் அதுக்குப் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்."